மூக்கில்லாத மீட்டர்

எங்கள் மாமா பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போய், குழாயில் வரும் எரிவாயுவின் மீட்டரில் ரீடிங் எடுத்தவர். படிக்கட்டுக்கு அடியில் குனிந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் எண்ணை எழுதுவார். கசிவு வாசனை லேசாக வந்தாலும் நோட்டின் ஓரத்தில் குறிப்பு போடுவார். பழுது பார்க்க ஆள் போகும். கூட வேலை செய்தவர்கள் அவரை ‘மூக்கர்’ என்றே கூப்பிட்டார்கள்.

போன மாதம், தானாகவே ரீடிங் அனுப்பும் மீட்டர் வந்தது. விளக்கக் கூட்டத்தில் மாமா எழுந்து, “இதுக்கு மூக்கு இருக்கா சார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“வைக்கலாம்தான். செலவு கூடும், வேணாம்னு மேல சொல்லிட்டாங்க,” என்றார் இன்ஜினியர்.

மாமாவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். புது முறையில் குறிப்பு எழுத இடமே இல்லை. அவருடைய கடைசி நோட்டு, பழுது பார்க்க இன்னும் ஆள் போகாத குறிப்புகளோடு பழைய பேப்பர் எடைக்குப் போய்விட்டது. புதியது வேண்டாம் என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை. அது யாரைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டார்.

சாப்பிடும்போதுகூட நினைவிலிருந்து அந்த வீடுகளின் முகவரிகளை எழுதிக்கொண்டிருப்பார். “வேலியில போற ஓணானை எதுக்கு மடியில கட்டிக்கிறீங்க?” என்பாள் அத்தை. மாமா அடுத்த முகவரியை எழுதுவார்.

போன ஞாயிறு காலை அந்த வீடுகளைப் பார்க்க மாமா கிளம்பியபோது நானும் கூடப் போனேன். பட்டியலில் நாலாவது, ஒரு இரண்டு மாடிக் கட்டிடம். படிக்கட்டுக்கு அடியில் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். எனக்கே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காலிங்பெல்லுக்குப் போன என் கையைத் தட்டிவிட்டு, கதவை விரலால் தட்டினார்.

“யாரு?” என்றது ஒரு பெண் குரல்.

“கேஸ் ஆபீஸும்மா. கீழே கசியுது, வெளிய வாங்க.”

“ஆபீஸ்லேருந்து இனிமே யாரும் வரமாட்டாங்க, வந்தா நம்பாதீங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. கிளம்புங்க.”

“அடுப்பைப் பத்த வைக்காதீங்கம்மா. சுவிட்சையும் தொடாதீங்க.”

“ஓகோ, நான் வெளிய வந்ததும் உள்ள புகுந்து அள்ளவா? போலீசுக்குப் போன் போடுறேன்.”

“தாராளமா போடுங்க. தெருவுக்கு வந்து போடுங்கம்மா.”

மாமா விடாமல் கதவைத் தட்டினார். கடைசியில் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு அந்த அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். படிக்கட்டைத் தாண்டும்போது பேச்சு நின்றது. பிறகு ஓடினாள்.

மாமா மாடி மாடியாகத் தட்டி எல்லோரையும் இறக்கினார். நான் தெருவிலிருந்து போன் செய்ததும் கேஸ் ஆபீஸ் ஆட்கள் வந்து குழாயை அடைத்தார்கள். பின்னாலேயே மேனேஜரும் வந்தார். “உங்களை யாரு இங்க வரச் சொன்னது?” என்று ஆரம்பித்தவர், குரலைத் தாழ்த்தி, “இந்த மாதிரி இன்னும் எத்தனை?” என்றார்.

“குறிப்பு போட்டும் ஆள் போகாதது மொத்தம் இருபத்தி மூணு வீடு சார். யோசிச்சு யோசிச்சுப் பதினெட்டுதான் ஞாபகம் வந்திருக்கு.”

மேனேஜர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மதியச் சமையல் நேரம். எல்லா ஜன்னலிலிருந்தும் தாளிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.