உயரம் பார்க்காத கோச்சும் பெஞ்சைத் தேய்த்த நானும்

பாஸ்கெட்பால் டீமில் பெஞ்சில் உட்காருவதும் ஒரு வேலைதான். ஆடுகிறவனுக்குக் கால் வலிக்கும், நமக்கு உட்கார்ந்த இடம் வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி, அதில் நான் இரண்டாம் ஆண்டு, உயரம் ஐந்தடி நாலு அங்குலம். போன வருடம் முழுக்க நான் கோர்ட்டுக்குள் போனது தண்ணீர் பாட்டிலோடு மட்டும்தான். மிச்ச நேரமெல்லாம் பெஞ்சில் இருந்தபடி மற்றவர்கள் குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருப்பேன். பிரின்சிபால், பஸ் கண்டக்டர், கேப்டன் இசக்கி, யார் குரல் வேண்டுமானாலும் சுடச்சுடக் கிடைக்கும்.

பழைய கோச் ஆள் எடுக்கும் முறை சுலபம். ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள் நுழையும்போது வாசல் நிலையில் தலை இடித்தால் டீமில் சேர்த்துக்கொள்வார். இடிக்கிற தலை பன்னிரண்டு தேறாததால் என்னையும் எடுத்தார். அவர் ரிட்டயர் ஆனதும் புது கோச் வந்தார். அவர் எப்படி ஆடச் சொல்கிறார் என்பதை வைத்து, யாரை எடுப்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. திருநெல்வேலி மேட்சுக்குப் போகும் பன்னிரண்டு பேரில் நான் இல்லையென்றால், இனிமேல் சாயங்காலமெல்லாம் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பந்து இல்லாத பாஸ்கெட்பால்

புது கோச் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, மூக்கால் வரும் மெல்லிய குரல். முதல் வாரம் பந்துகளையெல்லாம் ரூமுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். முன்னால் ஓடு, பக்கவாட்டில் ஓடு, பின்பக்கமாக ஓடு. அதைவிடப் பயமாக இருந்தது, அவர் எங்களை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்டது. ‘ஏலே’ என்று கூப்பிடாத வாத்தியாரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. டி.சி. கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தோம்.

இசக்கியண்ணன் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் குனிந்தபடியே நின்று வருகிறவர், அத்தனை உயரம். ஓடி ஓடி நாக்குத் தள்ளிப் போய், பந்து எப்போ சார் வரும் என்று கேட்டார். கோச் நிதானமாகச் சொன்னார்: “பந்து எங்கீங்க தம்பி போயிரப்போகுது? நீங்க ஓடுங்க.”

கபடி கிரவுண்டிலிருந்து வந்தவர்கள்

ஒருநாள் கோச் எங்கள் கோர்ட்டுக்கு வராமல், பக்கத்திலிருந்த கபடி கிரவுண்டின் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார். மறுநாள் எங்கள் வரிசையில் முருகன், மாரி என்று இரண்டு முதலாண்டுப் பையன்கள். மேலநீலிதநல்லூர்க்காரர்கள், கபடி டீம். பந்தோடு வருகிறவரை ஆளுக்கொரு பக்கம் நின்று வழியடைக்க வேண்டும் என்று கோச் சொல்லிக் கொடுத்தார். இசக்கியண்ணன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். பையன்கள் பழக்கதோஷத்தில் கையைக் கோர்த்துச் சங்கிலி போட்டு, அவர் இடுப்பை வளைத்து, அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள். பந்து அதுபாட்டுக்கு உருண்டு போனது. மாரி எழுந்து, பாயிண்ட் என்று கையைத் தூக்கினான்.

கோச் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தபடியே பையன்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன். இவருக்கு வேண்டியது உயரம் இல்லை, ஓடுகிற கால். என்னிடம் இரண்டுமே கிடையாது. இசக்கியண்ணனுக்கும் அதே பயம். முழங்கையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கபடிக்கு ஆள் எடுக்காருன்னா முன்னமே சொல்லிருக்கலாம்லா வே. நான் எண்ணெய் தேச்சுட்டு வந்திருப்பேம்லா.”

மரியாதை தெரிந்த டிஃபன்ஸ்

போகப்போக கோச்சின் ஆட்டம் புரிந்தது. எதிராளி நகர நகர, பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனுக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்: இடது பக்கம் வா, அவனை விடு, ஆளை மாத்து. நல்ல யோசனைதான். ஆனால் முன்னால் நிற்பவர் சீனியர், பின்னால் நிற்பவன் ஜூனியர். எங்கள் ஊரில் சீனியரைப் பார்த்து எவன் ‘வா’ என்பான்? முருகன் சொல்லத்தான் செய்தான். அண்ணே, இசக்கியண்ணே, தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் இடது பக்கம் வந்தீங்கன்னா நல்லாருக்கும் என்றான். அவன் முடிப்பதற்குள் பந்து கூடைக்குள் விழுந்து, தரையில் குதித்து, எல்லைக்கோட்டையும் தாண்டிவிட்டது.

பேசுங்க, பேசுங்க என்று கோச் தினமும் கெஞ்சினார். பரீட்சை ஹால்கூட எங்கள் கோர்ட்டைவிடச் சத்தமாக இருந்திருக்கும். கடைசியில் முருகனைத் தனியாகக் கூட்டிப் போய், வெறுமனே ‘வா’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்க என்றார். அவன் தலையைச் சொறிந்தான். “அடிக்கச் சொல்லுங்க சார், அடிக்கேன். அண்ணன வான்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

பெரியப்பாவின் செலக்‌ஷன்

செலக்‌ஷன் மேட்சுக்கு முந்தின நாள் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். சும்மா பார்த்துட்டு வரலாம் என்றுதான் சொன்னார். பெரியப்பா அதற்குள் எனக்கு ஒரு இடமே ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு அம்மா வந்து, ஒரு அடுக்குச் சேலை முழுவதையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மாம்பழக் கலர் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தனையையும் மடித்தேன். இப்படியே வருடக்கணக்காக மடிப்பது கண்முன் தெரிந்தது.

தப்பிக்கக் கடைசியாக ஒரு வழி பார்த்தேன். எனக்கு மேல்தட்டு எட்டாதே பெரியப்பா, வேலைக்கு உயரமான ஆளாகப் பார்க்கலாமே என்றேன். அவர் கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை. “இங்கன ஆள் எடுக்கதுக்கு உயரமெல்லாம் பாக்கதில்ல மக்கா. ஸ்டூல் கிடக்கு.”

கடைசியாக இறங்கிய ஆள்

செலக்‌ஷன் மேட்ச் எங்களுக்குள்ளேயே நடந்தது. எல்லாரையும் இறக்கிப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று கடைசியில் என்னையும் இறக்கினார் கோச். என் பக்கம் இசக்கியண்ணனும் முருகனும். எதிர்ப்பக்கத்தார் பந்தோடு ஓடி வருகிறார்கள், எங்கள் பக்கம் வழக்கம்போல மவுனம். கால் ஓடவில்லை, வாய் தானாக ஓடியது. கோச்சின் மூக்குக் குரலில் கத்தினேன்: இசக்கி தம்பி, இடது பக்கம் வாங்க! கோச்தான் சொல்கிறார் என்று இசக்கியண்ணன் மின்னலாகத் திரும்பினார். அடுத்து இசக்கியண்ணன் குரலில் முருகனை ஓர் அதட்டு, ஏலே, அவனை விடாத! அவன் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். சீனியரை ஏவியது நானில்லையே, கோச்தானே. யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. எதிர்ப்பக்கத்தால் அதற்குப் பிறகு ஒரு கூடைகூடப் போட முடியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகம் தாங்காமல், கோச் குரலிலேயே டைம் அவுட்ங்க என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நான் பந்தை எடுத்துக்கொண்டு போய், ஆளில்லாத கூடையில் நிதானமாகப் போட்டேன். என் வாழ்க்கையின் முதல் கூடை. திரும்பினால், வாயே திறக்காத கோச் என்னைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் மெதுவாக நடந்து வந்து, என்னைத் தாண்டிப் போய் இசக்கியண்ணனிடம் சொன்னார்: “அந்தக் கூடையக் கழிச்சிருங்க தம்பி. பையன வெச்சுக்குங்க.”

திருநெல்வேலியில்

அன்றைக்கு வந்த நிம்மதியில் வீடுவரை ஓடியே போனேன். கோச் முதல் வாரமே பார்க்க ஆசைப்பட்ட ஓட்டம் அதுதான். இசக்கியண்ணனும் டீமில் இருந்தார், கபடிப் பையன்களும் இருந்தார்கள். திருநெல்வேலி மேட்சில் கோச் பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். அவர் குரலில் நான் கோர்ட்டுக்குள் நின்று ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டத்தில் நடுவர் பொறுமை இழந்து, சத்தத்தைக் குறைக்காவிட்டால் ஃபவுல் கொடுப்பேன் என்று எங்கள் பெஞ்சைப் பார்த்து விரலை ஆட்டினார். கோச் அப்போது வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். விழுங்கிவிட்டு, எழுந்து நின்று பணிவாகச் சொன்னார்: “சரிங்க. குறைச்சுக்கறேனுங்க.”

எங்கள் டீமில் உயரத்துக்கு ஆள் இருக்கிறது, ஓட்டத்துக்கும் ஆள் இருக்கிறது, சீனியரை ஏவுவதற்கு மட்டும் ஒரே ஆள்தான் என்பதால் என் இடத்துக்கு இப்போதைக்குப் போட்டி இல்லை.