அப்பாவின் வலது கால்

பெரிய வியாழக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் காலையிலேயே கால் கழுவும் வேலை தொடங்கிவிடும். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்து, பின்னேரப் பூசையில் பங்குக் குருவான சுவாமி பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் அப்பாதான் முதல் ஆள். அவர் கோயில் மூப்பர். சுவாமியின் கையில் அழுக்குப் படக்கூடாதென்று அப்பாவின் கால்களைப் பீர்க்கம் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசி அனுப்புவது என் வேலை. மற்றப் பதினொரு வீடுகளிலும் இதே கூத்துத்தான். அழுக்கே இல்லாத காலைச் சுவாமி ஏன் கழுவுகிறார் என்று சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். நாற்பது வயதிலும் அதற்கு விடை தெரியவில்லை. ஆனாலும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். இயேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது, தப்பியவர்கள் வாவிப் பக்கத்து மாதா கோயிலுக்குத்தான் ஓடி வந்தார்கள். தகரத்தையும் கண்ணாடியையும் முள்ளுக்கம்பியையும் மிதித்து வந்த கால்கள். கோயில் கூட்டுகிறவள் அங்கே நின்றாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். மீன் பிடிக்கிற சைவக் குடும்பத்தில் பிறந்து, தானாக விரும்பி ஞானஸ்நானம் பெற்றவள். கோயில் சாவி அவளிடம்தான் இருக்கும். வாளி, சட்டி எதுவும் மிஞ்சவில்லை. அவள் பூசைப் பொருட்கள் வைக்கும் அறையைத் திறந்து, பெரிய வியாழனுக்கு மட்டும் வெளியே வரும் வெள்ளிப் பேசனைத் தூக்கி வந்தாள். தொட்டியில் கிடந்த மழைத் தண்ணீரை அதில் மொண்டு, ஒவ்வொரு காலாகக் கழுவத் தொடங்கினாள். நீ சைவமா, முஸ்லிமா, வேதக்காரியா என்று ஒருவரையும் அவள் கேட்கவில்லை.

அப்பாவும் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தார். வலது குதிக்காலில் கண்ணாடி ஆழமாக ஏறியிருந்தது. அவள் தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, வெகு நேரம் குனிந்திருந்து அதைத் துண்டு துண்டாக எடுத்தாள். அப்பா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கோயில் சபை கூடியது. கேட்டுக் கேள்வியில்லாமல் அறையைத் திறந்ததும், புனிதமான பேசனில் கண்டவர்களின் இரத்தத்தைக் கழுவியதும் பெரிய பிழையாம். அவளிடமிருந்து சாவியை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முடிவை வாசித்தவர் அப்பா. வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி என்று நான் கேட்டேன். ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். தீட்டுப்பட்ட பேசனைக் கோயிலுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். பழையதை நான் எடுத்து வந்து கட்டிலின் கீழ் வைத்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த வருசத்திலிருந்து அப்பா சுவாமிக்கு இடது காலை நீட்டத் தொடங்கினார். மற்றவர்கள் எல்லோரும் வலது காலை நீட்டும்போது, தனக்கு முழங்கால் வருத்தம் என்றார். குதிக்காலில் இருந்த தழும்பை நான் தேய்த்துக் கழுவுகிறவள். எனக்கா தெரியாது?

நாட்டில் நடந்த சண்டை இறுகி, எங்கள் பக்கம் ஓய்ந்து, பிறகு வடக்கிலும் முடிந்தது. அவ்வளவு காலமும் அவள் இறால் உரித்துப் பிழைத்தாள். ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, கதவோரம் வெறுந்தரையில் முழந்தாளிட்டுப் போவாள். அவளுக்கு ஒருவரும் நகர்ந்து இடம் கொடுத்து நான் காணவில்லை.

சண்டை முடிந்து வந்த முதல் பெரிய வியாழனுக்குக் கோயிலுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள். சமாதானத்துக்கு நன்றிப் பூசை என்று ஊரெல்லாம் கொடி. சுவாமியும் புதியவர். காலையில் அப்பா கதிரையில் இருந்து வழக்கம்போலக் கால்களை நீட்டினார். இனி மாட்டேன் என்றேன். பீர்க்கம் நாரை அவருடைய மடியில் வைத்துவிட்டு, கட்டிலின் கீழ் இருந்த பேசனை எடுத்துக்கொண்டு நேரே அவளுடைய வீட்டுக்குப் போனேன். பூசை நேரத்தில் கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க அவளுடைய காலை நான் கழுவ வேண்டும். அதுதான் என் எண்ணம்.

அவள் இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி என் பேச்சு முழுவதையும் கேட்டாள்.

“கால் கழுவ என்ட வளவில கிணறு இரிக்கி அக்கா,” என்றாள். “ஆக்களுக்கு முன்னால என்னைக் கொண்டுபோய் வெச்சு என்ன செய்யப் போறீங்க? எனக்கு என்ட வேலையைத் தரச் சொல்லுங்க.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்பாவின் பவுடர் காலுக்கும் என் பேசனுக்கும் அப்படியென்ன வித்தியாசம்? நானும் ஆட்கள் பார்க்கத்தானே புறப்பட்டேன். பேசனை அவளுடைய வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

பின்னேரம் கோயில் நிரம்பியிருந்தது. அவள் கதவோரம் இருந்தாள். சுவாமி புதுப் பேசனோடு அப்பாவின் முன் முழந்தாளிட்டார். அப்பா இடது காலை நீட்டினார். நான் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பினேன்.

“வலது காலைக் குடுங்க அப்பா.”

பாட்டு நின்றுவிட்டது. யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்காரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். கடைசியில் வலது காலைத் தூக்கி வைத்தார். காலையில் அதை யாரும் தேய்க்கவில்லை என்பது தெரிந்தது. சுவாமியின் விரல் தழும்பில் நின்றது. என்ன காயம் என்று மெதுவாகக் கேட்டார்.

“கடல் வந்த அண்டைக்குக் கண்ணாடி ஏறினது சுவாமி,” என்றார் அப்பா. “அந்தா, அவதான் எடுத்தவ.”

எனக்கு அது போதவில்லை. சாவியையும் கொடுக்கச் சொன்னேன். பூசைக்குள் இப்படிப் பேசலாமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பியும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பூசையை நான் கெடுத்தேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

கால் துடைக்கச் சுவாமி நீட்டிய துவாயை அப்பா வாங்கவில்லை. ஈரக் காலோடு எழும்பி, செருப்பில்லாமல் கோயிலின் நடுவால் கதவுவரை நடந்தார். சனம் செருப்போடு வந்து போட்ட மணல் அந்தக் காலில் அப்பிக்கொண்டே வந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

அவள் எழும்பி இரண்டு கையாலும் சாவியை வாங்கினாள். பிறகு அவருக்குப் பின்னால் தரை நெடுக விழுந்திருந்த சேற்றுக் கால்தடங்களைப் பார்த்துவிட்டு, கூட்டத் தும்புத்தடி எடுக்கப் போனாள்.