மலையுச்சியில் நான், பட்டியில் என் மகன்

என் மகன் அழத் தொடங்கிய நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? மலைக்குப் போய் வந்து நான்கு மாதமாகிறது. பதில் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மலை என்று நாங்கள்தான் சொல்கிறோம். மலைநாட்டுப் பதுளைப் பக்கத்தார் பார்த்தால் கல் என்பார்கள். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, வவுணதீவு வயல் வட்டைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அது நிற்கிறது. அதன் அடியில் ஓர் இரவு கூடாரமடித்துத் தங்கி மறுநாள் உச்சிக்கு ஏறுவது என்பது என் கணவரும் அவருடைய சிநேகிதரும் போட்ட திட்டம். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். சிநேகிதர் எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். பனிக்கட்டியை உருக்கிக் குடிதண்ணீர் எடுப்பது எப்படி என்று அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. எங்கள் பங்குனி வெயிலுக்கு இதைவிட வேண்டிய அறிவு வேறு என்ன இருக்கிறது?

மகனுக்கு அப்போது ஏழு மாதம். தாய்ப்பால் மட்டுந்தான், கஞ்சி வைத்தால் துப்பிவிடுவான். நான் வீட்டில் நிற்கிறேன் என்றேன்.

"அவர்ட மனிசியும் வாறா. நீ வராட்டி அவ தனிச்சுப் போவா," என்றார் கணவர்.

கணவர் சொன்னால் கேட்பது கடமை. கடமை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாவியின் படம் வரைந்து பரிசு வாங்கியவள் நான். அதை ஒருமுறை மேலேயிருந்து பார்த்து, சரியாகத்தான் வரைந்தேனா என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கொதித்தாறிய தண்ணீர் நாலு போத்தல், குயினைன், ஓமத் தண்ணீர், பிள்ளைக்கு இருபத்திரண்டு துணி எடுத்துக்கொண்டேன். பிள்ளையின் கையில் வசம்பு கட்டியிருந்தது. அது அவிழ்ந்தால் கட்ட இன்னொரு வசம்பு. அது தொலைந்தால் என்ன செய்வது என்று யோசித்து மூன்றாவதையும் முடிந்துகொண்டேன்.

சனிக்கிழமை விடிய ஓடத்தில் துறையைக் கடந்து, மாட்டுவண்டியில் குலுங்கி, பின்நேரம் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரத்துக்குத் தட்டையான இடம் வேண்டும், புல் இருக்கக் கூடாது, தண்ணீர் அருகில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்படி ஓர் இடம் உடனே கிடைத்தது. மாட்டுப்பட்டிக்கும் குளத்துக்கும் நடுவே, எங்களுக்கென்றே யாரோ செதுக்கி வைத்தது போல வழவழவென்று கிடந்தது. கூடாரம் எழும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. வண்டிக்காரர் ஓரமாக நின்று வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி முளை இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"ஐயா, அப்ப எருமையெல்லாம் எதால போற?"

"எந்த எருமை?" என்றார் சிநேகிதர்.

"பொழுதுபடத் தண்ணிக்குப் போற எருமை. இது அதுகள்ட பாதை."

"முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க புத்தகம் பாத்துச் செய்யுறீங்க. நான் என்னத்தச் சொல்ற?"

அவிழ்த்து முடிக்குமுன் எருமைகள் வந்துவிட்டன. அவை எங்களைவிட நிதானமாக நடந்துகொண்டன. ஒன்று மட்டும் கொம்பில் கயிற்றைக் கொளுவிக்கொண்டு முளையோடு குளத்துக்குள் இறங்கியது. பட்டியின் வேலியோரம் ஒதுங்கிப் படுத்தோம். என் கணவர் இதை முகாம் மாற்றம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

பட்டியைக் காவல் காத்தது ஏறாவூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மடியில் நான்கு மாதப் பெண்குழந்தை. அவர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல நான் அவரை ராத்தா என்றேன். காலையில் நாங்கள் மலையேறப் புறப்பட்டபோது அவர் என் மகனைப் பார்த்தார். அப்போதுதான் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான்.

"ஒறங்குற புள்ளய என்னத்துக்குக் கல்லுல ஏத்துற? உட்டுட்டுப் போங்க தங்கச்சி, நான் பாத்துக்குவன்."

"ஒரு மணித்தியாலம். ஏறி இறங்கிரலாம்," என்றார் சிநேகிதர்.

கணவரைப் பார்த்தேன். "உன்ட விருப்பம்," என்றார். கலியாணம் செய்து மூன்று வருடத்தில் ஒரு தீர்மானத்தை அவர் என்னிடம் விட்டது அன்றைக்குத்தான். நல்ல நாள் பார்த்தார்.

பிள்ளையை விட்டுவிட்டு நடந்தேன். எறும்பு இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். துணி ஈரமா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நாலாந்தரமும் வந்தா நீங்களே இரிங்க. நான் போய்க் கல்லப் பாத்துட்டு வாறன்," என்றார் ராத்தா.

காட்டு விளிம்பில் வண்டிக்காரர் ஒரு பச்சைக் கொப்பை முறித்து மரக்கவட்டில் வைத்துக் கும்பிட்டார். அங்கே போகிறவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வார்களாம். ஆசிரியர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் இரண்டு கொப்பு வைத்தேன், ஒன்று மகனுக்கு.

ஏறவே இரண்டு மணி நேரம். சிநேகிதரின் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு போல முன்னால் போனார். உச்சியில் நின்று கிழக்கே பார்த்தேன். வயல்களுக்கு அப்பால் வாவி முழுவதும் கிடந்தது, புதுத் தகரம் போல. அதற்கும் அப்பால் மெல்லிய கோடாகக் கடல். என் படத்தில் தெற்கு வளைவு பிழை. பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் எனக்கொரு பிள்ளை இருப்பதே நினைவில் இல்லை. "மச்சாள், புள்ள தேடப்போறான், இறங்குவமா?" என்று சிநேகிதரின் மனைவிதான் கேட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

இறங்கும்போது சிநேகிதர் வந்த வழியை நம்பவில்லை, திசைகாட்டியை நம்பினார். திசைகாட்டி எங்களை மலையின் மறுபக்கத்து முட்பற்றைக்குள் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பட்டியை அடையும்போது உச்சிவெயில். மார்பு கனத்து வலிக்க, ஓடியே போனேன்.

மகன் தூங்கிக்கொண்டிருந்தான். கடைவாயில் பால்.

"அழுதானா ராத்தா?"

"அழாம? காடு முழுக்கக் கேட்டிருக்கும். அழுற புள்ளய எவ்வளவு நேரம் பாத்துட்டு இரிக்கிற? குடுத்துட்டன்." என் முகத்தைப் பார்த்தார். "கோவமா தங்கச்சி?"

"இல்ல ராத்தா," என்றேன். நன்றி, பொறாமை, வெட்கம், வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் எல்லாம் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

"எங்கட மார்க்கத்துல அஞ்சு தரம் வயிறு நிறையக் குடிச்சாத்தான் எனக்கு மகன். என்ட மகளுக்குக் கூடப்பொறந்த நானாவாகிருவான். இப்ப ஒண்டுதான் ஆயிருக்கு," என்று சிரித்தார் ராத்தா. "இன்னும் நாலு இரிக்கி. கூட்டி வாங்க."

என் கணவர், "நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு எருமைத் தயிர் சாப்பிட உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதற்கேள்வி, "புள்ள பசி கிடந்தானா?" என்பதுதான். "இல்லம்மா, பால் குடிச்சான்," என்றேன். பொய் இல்லை. பிற மதத்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என் அம்மா. அவரிடம் இதற்குமேல் உண்மை சொல்ல எனக்குத் துணிவில்லை. "இதையெல்லாம் ஏன் சொல்லப் போறாய்?" என்கிறார் கணவர். தாம் மலையை வென்ற கதையை அவர் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் அங்கே போவதாகப் பேச்சு. தயிர் கொண்டு வருபவரிடம் ராத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "மத்த நாலுக்கும் எப்ப வாறீங்க?" விளையாட்டாகவா, மெய்யாகவா என்று தயிர்க்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ராத்தாவின் கையில் என் மகனைக் கொடுக்க எனக்கு விருப்பம் என்பது மட்டும் தெரிகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா? போவதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா, வந்த பின் சொன்னால் போதுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் மட்டும் வேண்டாம்.