அப்பாவின் துண்டில் நல்லெண்ணெய் வாசம்

கொடியில் காய்ந்த அப்பாவின் துண்டில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது...

அப்பா ரிட்டயர்டு ஏட்டு. கோயில் என்றால் அவருக்கு பந்தோபஸ்து டியூட்டி, அவ்வளவுதான். சாமி கும்பிடுவதெல்லாம் அம்மா டிபார்ட்மெண்ட். அம்மா இறந்தபிறகு, தென்காசி வீட்டில் அவரும் நானும் என் மனைவியும்தான். அவருக்குப் பேச்சே நின்றுபோனது. பாதி சாப்பிட்டுவிட்டு, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரும் போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்துகிடந்தேன்.

சாரல் சீசன் தொடங்கியது. ஒருநாள் விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து குற்றாலம் போனார். திரும்பும்போது நெற்றி நிறைய விபூதி. மறுநாளும் போனார். வந்ததும், "இன்னொரு தோச போடுதியாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார்!

"மாமாவுக்கு பக்தி வந்துட்டு போல" என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கோ மண்டை குடைந்தது. கோயிலுக்குப் போகிறவர் துண்டில் எண்ணெய் வாசம் எதற்கு? சாமியிடம் அப்படி என்னதான் பேசுகிறார்? போலீஸ்காரரையே ஃபாலோ பண்ணுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பின்னாலேயே போனேன்.

கோயில் வாசலைத் தாண்டி நேராக பேரருவிக்கு நடந்தார். படியில் உட்கார்ந்தார். தனியாக வந்த ஒரு பெரியவர் முதுகைக் காட்டி உட்கார, அப்பா எண்ணெய் தேய்த்துவிட்டார். பிறகு அவர் அப்பாவுக்கு. கோயிலுக்குப் போய்விட்டு வந்த இன்னொருவர், அப்பா நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். ஓஹோ, விபூதி வந்த வழி இதுதானா...

அப்பா திரும்பாமலே குரல் கொடுத்தார். "ஏலே, டீக்கடைக்குப் பின்னால என்னலே பதுங்குத? வா இங்கன."

மாட்டிக்கொண்டேன்.

"கோயிலுக்குள்ள போகலையாப்பா?"

"மொத நாளு போனேன்லே. என்ன கேக்கணும்னே தோண மாட்டேங்கு. வெளிய வந்து எண்ணெய எடுத்தா, முதுகுக்குக் கை எட்டல. எப்பமும் ஒங்கம்மைல்லா தேச்சி விடுவா..."

படியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைக் கை காட்டினார்.

"இங்கன வாரவங்க பாதிப்பேரு என்னப் போலத்தான். பொண்டாட்டி இல்ல, பிள்ளையெல்லாம் வெளியூர்ல. மேல ஒரு கை பட்டே நாளாச்சிங்காங்க."

நான் வெளியூரில்கூட இல்லை, பக்கத்து அறையில் இருந்தேன். எண்ணெயை வாங்கி அவர் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டியது. அப்பாவின் முதுகைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் பல சீசன் பார்த்துவிட்டுத்தான் அப்பா போனார். அதற்குப் பேர் பக்தியா, என்ன என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அருவியில் எண்ணெய் தேய்க்க விடுவதில்லை. நல்லதுதான், தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. போன சீசனில், ஒரு பெரியவர் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு, எட்டாத முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் தேச்சி விடட்டுமா?"

நான் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்துகொண்டார்.