குண்டு என்று கூப்பிட்டவள்

என் அண்ணன் மனைவி வாயை வைத்துத்தான் பிழைக்கிறாள். நாத்தனார் குத்திப் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள், அவள் தொழிலே அதுதான். டப்பிங் பேசுகிறவள். படத்தில் கதாநாயகியின் தோழி வாயைத் திறந்தால் வருவது அண்ணியின் குரல். விபத்துக் காட்சியில் "ஐயையோ, பாருங்க பாருங்க" என்று அலறுகிற கூட்டத்தில் பாதி அண்ணி. கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று தேன் ஒழுகச் சொல்வதும் அவளேதான். "வீட்லயும் இதையேதான் சொல்றா, என்ன, இவ்வளவு மரியாதையா சொல்றதில்ல" என்பான் என் அண்ணன்.

அவள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். வளையல் போட மாட்டாள். மொடமொடவென்று சத்தம் போடுகிற துணி உடுத்த மாட்டாள். மைக் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளுமாம். வெறும் வயிற்றோடும் போக மாட்டாள். ஒரு தடவை, புருஷனைப் பறிகொடுத்தவள் விம்முகிற கட்டத்தில் அண்ணியின் வயிறு கடமுட என்று பேசிவிட்டது. அதிலிருந்து ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

அவளுக்கு ஒரே பெண். பிறந்தபோது தலையணை மாதிரி இருந்ததால் அண்ணி அவளைக் குண்டு என்று கூப்பிட ஆரம்பித்தாள். இப்போது அந்தப் பெண் ஊதினால் பறந்துவிடுவாள், ஆனால் பெயர் மட்டும் இளைக்கவில்லை. அண்ணி கூப்பிடுகிற விதமே தனி. "குண்டூ…" என்று இழுத்து, மேலே ஏற்றி, கடைசியில் மெதுவாக இறக்குவாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத கழுதை, அந்த இழுவைக்கு மட்டும் எங்கே இருந்தாலும் ஓடி வருவாள்.

போன வருஷம் அண்ணிக்கு ஒரு வீடியோ கேமில் பேச வேலை வந்தது. பேசவா? சாக. எதிரிப் படையில் ஒரு பெண் சிப்பாய். ஆடுகிறவர்கள் அவளைச் சுட்டுச் சுட்டுத் தள்ளுவார்கள். காலில் பட்டுச் சாவது, மாடியிலிருந்து விழுந்து சாவது, தீப்பிடித்துச் சாவது என்று வகைவகையாகச் செத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிக்கொண்டு சைகையில்தான் பேச்சு. எங்கள் அண்ணனுக்கு அந்த வாரம் சொர்க்கம்.

கடைசியில் ஒரு சாவு பாக்கி இருந்தது. உயிர் போகும்போது ஒரே ஒரு வார்த்தை. எழுதி வைத்திருந்தது "தாய்நாடே". அதை எப்படிச் சொன்னாலும் மேடை நாடகம் மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைரக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், பேப்பரைப் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்குங்க. வீட்டை நினைச்சுக்குங்க. என்ன வருதோ அதைச் சொல்லுங்க" என்றான்.

அண்ணி கண்ணை மூடினாள். அவள் வாயில் வந்தது "குண்டூ…"

டைரக்டர் துள்ளி எழுந்துவிட்டான். "பிரமாதம் மேடம். குண்டு பட்டவ குண்டுன்னுதான் சொல்லுவா. எழுதினவனுக்கு இது தோணல பாருங்க."

அந்த இடத்தில், "தம்பி, அது துப்பாக்கிக் குண்டு இல்லை, என் பெண்" என்று அண்ணி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டைக் கேட்டு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டதாம். சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். லிஃப்டில் இறங்கும்போதே தப்புப் பண்ணிவிட்டோம் என்று தோன்றிவிட்டதாம். சில நாள் பொறுத்துப் பார்த்து, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிப் பேசித் தருகிறேன் என்று போன் போட்டிருக்கிறாள். "அது வெளிய போயாச்சே மேடம். எல்லாருக்கும் பிடிச்சதே அதுதான்" என்றானாம் அவன்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணி திடீரென்று பிள்ளை வளர்ப்பில் பெரிய ஞானி ஆகிவிட்டாள் என்பதுதான். நாங்கள் ஒரே கட்டடத்தில் கீழ் மாடி, அவர்கள் மேல் மாடி. பள்ளிக்கூடம் விட்டதும் குண்டு என் வீட்டுக்குத்தான் வருவாள். என் மகள் அவளைவிட மூத்தவள், டிவி முன்னால் உட்கார்ந்து, புதிதாக வந்த ஒரு வீடியோ கேமில் படபடவென்று சுட்டுக்கொண்டிருப்பாள்.

"சின்னப் பிள்ளைங்க கையில இதைக் குடுக்காதே. என் பெண் இதைத் தொடக் கூடாது" என்றாள் அண்ணி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அண்ணி, என் பொண்ணு டிவியில ஊரையே சுடுவா, வீட்ல ஒரு எறும்பு செத்தா அழுவா. நாமளும் சின்ன வயசுல திருடன் போலீஸ் ஆடினவங்கதானே. வெறும் விளையாட்டு."

"நம்ம விளையாட்டுல செத்தவ எந்திரிச்சு வீட்டுக்குப் போனா" என்றாள் அண்ணி.

நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். காரணம் ஒன்று இருக்க, கொள்கை ஒன்றைப் பேசினாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த கேம் பெட்டியையே தூக்கிப் பரணில் போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை, நானும் விறைப்பாக இருந்துவிட்டேன்.

அண்ணிக்கு ரெக்கார்டிங் இழுத்துக்கொண்டே போன ஒரு வாரம். நான் உள் அறையில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் மகள் கேம் ரிமோட்டைக் குண்டுவின் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கும் தெரியும், கண்டும் காணாமல் இருந்தேன். நன்றாகச் சுட்டாள். "அத்தை, ஒருத்தரைக்கூட விடல" என்று ஓடி வந்து சொன்னாள். நானும் "கெட்டிக்காரி" என்றேன். மிஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. டிவியைக் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் என் மகள் படிக்க வேண்டுமென்று குண்டுவின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டிருக்கிறாள். நான் தைத்த துணியை மடித்துக்கொண்டு வெளியே வந்தால், பிள்ளை ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா, இவங்க சாகும்போது என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"குண்டுன்னு. துப்பாக்கிக் குண்டு" என்றாள் என் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

குண்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அண்ணி கூப்பிட்டால் அவள் வருவதில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அண்ணி இறங்கி வந்தாள். "உன் வீட்ல என்ன நடந்தது? கூப்பிட்டா காதைப் பொத்திக்கறா."

"ஒண்ணும் நடக்கல. கொஞ்சம் கேம் ஆடினா" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அண்ணி சண்டை போடவில்லை. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பேசின கேம்தான் அது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"எந்த வாயால சொல்ல? பெத்த பிள்ளை பேரைச் சொல்லிச் செத்துட்டு, சபாஷ் வாங்கிட்டு வந்தவ நான்."

இருவரும் மாடிக்குப் போனோம். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணி பழக்கதோஷத்தில் "குண்டூ…" என்றாள். அந்தச் சின்ன உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது.

"அந்தச் சிப்பாய் அக்கா சாகும்போது என்னைக் கூப்பிடறாங்க. உன் குரல்ல" என்றாள், திரும்பாமலே.

"அது துப்பாக்கிக் குண்டும்மா. அடிபட்டுச்சுல்ல, அதைச் சொல்றாங்க."

கேஸ் கம்பெனிக் குரலில் சொன்னாள் அண்ணி. அந்த நேரத்திலும் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். "துப்பாக்கிக் குண்டை யாராவது அப்படிக் கூப்பிடுவாங்களா?"

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லடா. உன்னைத்தான் கூப்பிட்டேன். வீட்டை நினைச்சுக்கோன்னாங்க, வேற எதுவும் வாயில வரல. அது வேணாம்னு அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. அம்மா பண்ணினது தப்பு. கோபமா இருந்தா என்னைத் திட்டிடு."

அவள் திட்டவில்லை. உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. "நான் நிறைய தடவை சுட்டேன்மா. அத்தைகிட்ட வேற போய்ச் சொன்னேன்."

"அது வெறும் விளையாட்டுடா" என்றாள் அண்ணி. நான் சொன்னபோது ஒப்புக்கொள்ளாத அதே வார்த்தை. நானும் பக்கத்தில் நின்று, ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"சுட்டதுக்கு அப்புறம்தானேம்மா கூப்பிட்ட" என்றாள். "முன்னாடியே கூப்பிட்டிருந்தா நான் சுட்டிருக்கவே மாட்டேனே."