பல்லில் ஓட்டை இருக்கும் பூச்சி

கல்லாகிப் போன பாம்பையும் விளக்கு வைத்த பிறகு பூச்சி என்றுதான் சொல்ல வேண்டுமா? இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டது.

நான் விலங்கியல் படித்தவள். குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, அந்தப் படிப்பு மகளுக்குக் கதை சொல்லத்தான் உதவுகிறது. அன்று சாயங்காலம் பாம்புகளின் புதைபடிவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் முதுகெலும்புத் துண்டுகள்தான் கிடைக்கும். விஷம் கல்லில் தங்காது. எப்போதாவது ஒரு பல் கிடைத்து, அதற்குள் மருந்து ஏற்றும் ஊசியில் இருப்பதுபோல் ஓட்டை இருந்தால், அது விஷப் பாம்பு என்று கண்டுகொள்வார்கள். கோடி வருடங்களுக்கு முந்தைய பல்லும் ஏறக்குறைய இன்றைய பல் போலவே இருக்கிறதாம்.

விளக்கேற்றிவிட்டு வந்த மாமியார், "அந்தி நேரத்துல அது பேரைச் சொல்லாதம்மா, கூப்பிட்ட மாதிரி ஆயிடும். பூச்சின்னு சொல்லு" என்றார்.

"அது செத்துக் கல்லாயிடுச்சு அப்பாயி. அதையுமா?" என்றாள் மகள்.

"அப்பாயி சொல்றாங்கல்ல, பூச்சின்னே சொல்லு" என்றேன் நானும். எதற்கு வம்பு என்றுதான்.

அந்த வாரமே ஓர் அந்தியில், கொல்லையில் வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் விளையாடியவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, பூச்சி."

"தட்டி விட்டுட்டு வா." தோசையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

அவள் நகரவில்லை. யோசித்து, யோசித்துச் சொன்னாள்: "அந்தப் பூச்சிம்மா. பல்லுல ஓட்டை இருக்குமே, அது."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி அவளைத் தூக்கினேன். கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடி எதுவும் இல்லை. மாமியார் செருப்புகூடப் போடாமல் டார்ச்சோடு ஓடினார். கட்டுகளுக்கு அடியில் ஒரு வால் நுழைந்து மறைந்தது. விஷமுள்ளதா இல்லையா, தெரியவில்லை.

"நல்லவேளை, புள்ள பேரைச் சொல்லல. அதான் ஒண்ணும் பண்ணாம போயிடுச்சு" என்றார் மாமியார்.

"ஆமாங்கத்த" என்றேன்.

மகள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடித்திருந்தாலும் "பூச்சி கடிச்சிடுச்சு" என்றுதான் சொல்லியிருப்பாள். நான் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பேன்.

மாமியார் பேத்திமேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் மனம் நோகக் கூடாது. ஆனால் என் மகள் வாயில் எந்த நேரமும் பாம்பு என்ற சொல்தான் முதலில் வர வேண்டும். இரண்டும் நடக்க, மாமியாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? உங்கள் வீட்டில் இதைப் பேசித் தீர்த்தவர்கள் இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.