விஜயதசமிக்கு மறுநாள்

காவிரி வெள்ளம் திருச்சிக்குள் புகுந்தது 1977 ஐப்பசியில். அத்தை கொல்லிமலை ஏறியது அதற்கடுத்த ஆண்டு, விஜயதசமிக்கு மறுநாள். எங்கள் வீட்டில் இன்றும் அதிகம் பேசப்படுவது இரண்டாவது சம்பவம்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுகிறவள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை வந்திருந்தது. ஸ்ரீரங்கத்து மதில்களுக்குள் வளர்ந்தவள் அங்கே எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்று அப்பாவுக்குக் கவலை. ஒரு நிபந்தனை போட்டார்: அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஆகாயகங்கை அருவி வரை நடந்தே ஏற வேண்டும்; வழியில் களைத்து உட்கார்ந்தால் வேலையை மறந்துவிட வேண்டும். பூஜை விடுமுறையை ஒட்டி ஒரு நாள் லீவு போட்டு, தேதியையும் அவரே குறித்தார். பெரியவர்கள் என்னிடம் சொன்னது, அருவிக்குப் போகிறோம், ஒரு பந்தயம் இருக்கிறது என்பது மட்டுமே.

தசமிக்கு மறுநாள் ஏகாதசி என்பது ஸ்ரீரங்கத்தில் பால்காரருக்கும் தெரியும். அப்பாவுக்கு அது விடிகாலையில் புளியோதரை கேட்டபோதுதான் உறைத்தது.

"முன்னாடியே சொல்லப்படாதா?"

"நாள் பார்த்தது நீங்கதானே அண்ணா" என்றாள் அத்தை.

ஏகாதசியன்று அப்பா சோறு தொடமாட்டார், பலகாரம் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பலகாரம் சாப்பாட்டைவிடக் கனமானது. ரவா உப்புமா, கோதுமை தோசை, மேலே ரஸ்தாளிப் பழம். அத்தைக்கோ துளசித் தீர்த்தம் போதும். ஒவ்வொரு ஏகாதசியும் வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, கோயில் பிரகாரங்களைச் சுற்றி வருகிறவள் அவள். அப்பா அதைப் பயிற்சி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

புளியஞ்சோலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஓடையைக் கடந்து பாறைகள் தொடங்கியதும் உப்புமா தன் வேலையைக் காட்டியது. முதலில் உட்கார்ந்தவர் அப்பா.

"அண்ணா, உட்கார்ந்துட்டேளே."

"யார் உட்கார்ந்தா? இயற்கையை ரசிக்கறேன்."

"நிதானமா ரசிங்கோ. நாங்க முன்னாடி போறோம்."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு பாறை முகட்டில் சமவெளி முழுவதும் விரிந்தது. அப்போது இன்னும் கட்டி முடிக்காதிருந்த நம் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரிகிறதா என்று கேட்டேன். கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தாள்.

"தெரியலைடி. அவ்வளவு தூரம் வந்துட்டோம்." அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

அருவி முதலில் இரைச்சலாக வந்தது, பிறகு சாரலாக, பிறகு வானத்திலிருந்து விழும் வெள்ளைத் தண்ணீராக. இருவரும் கைகோத்து அதன் ஓரத்தில் நனைந்தோம். வெகுநேரம் கழித்து, இரண்டு கையாலும் பாறையைப் பற்றியபடி அப்பா வந்து சேர்ந்தார்.

"ரசிச்சாச்சா அண்ணா?"

"ஒத்துண்டேன். போய் வேலையில சேரு" என்றார் அப்பா, மூச்சுவாங்கச் சிரித்துக்கொண்டே. உரக்கக் கைதட்டியது நான்தான்.

ஈரத் தலையோடு வழக்கம்போல் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் ரிப்பனை என் கையில் கொடுத்தாள்.

"இன்னியிலேர்ந்து நீயே பின்னிக்கோ. நான் பார்க்கறேன்."

ஜெயித்த கட்சிக்குக் கிடைக்கும் பரிசு அது என்று நினைத்தேன். கோணலாகப் பின்னிய சடையை முன்னால் போட்டுக்கொண்டு, வழியில் வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டியபடி மலையிறங்கினேன்.